அரை நாளில் ஒரு காடு!

விடுமுறை வந்துவிட்டால் கம்பத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு ஒரு திட்டம் தயாராக இருக்கும். காலையில் சுருளி அருவியில் குளியல். லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறிக் குமுளியில் சாப்பாடு. அப்புறம் அரை நாள் 'காட்டுச் சாகசம்', இருட்டுவதற்குள் வீடு. தலைக்கு எவ்வளவு, பிரியாணி பொட்டலமா ஹோட்டலா... எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். ஏதாவது நடந்தால் எப்படித் திரும்புவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை!

இது அபசகுனப் பேச்சா? இதே தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று, குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மார்ச்சில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். கீழே பற்றிய தீ, மேலே உள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். சரிவில் ஓடுகிற மனிதனை விட வேகமாக ஏறும். அந்த மாதத்தில் அந்தச் சரிவில் இருப்பதே ஆபத்து என்பது மலையடிவாரத்து விவசாயிக்குத் தெரியும். பயணத் திட்டம் போடுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

"டிக்கெட் வாங்கித்தானே போகிறோம், மற்றதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா' கேரள அரசு நிறுவனத்தின் படகுதான். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. 45 பேர் போய்விட்டார்கள். டிக்கெட் நீந்தாது.

அப்படியென்றால் காட்டுக்கே போகக்கூடாதா? தாராளமாகப் போகலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அனுமதியும் உண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் உண்டு. ஆனால் நம்மவர்களுக்கு அதன் கட்டணம் கசக்கிறது. யானை நடமாட்டம் என்று சுருளியில் வனத்துறை குளிக்கத் தடை போட்டால், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று யானையை விட்டுவிட்டுக் காவலரைத் திட்டுகிறார்கள்.

ஜீப் வாடகையைப் பேசும் முன் நான்கு கேள்விகள் போதும். இது எந்த மாதம்? கூட வருகிறவருக்கு அந்தக் காடு தெரியுமா? செல்போன் சிக்னல் எங்கே நிற்கும்? வெளியே வர இன்னொரு வழி உண்டா?

பதில் தெரியாதவர்கள் சுருளியில் குளித்துவிட்டு வீடு திரும்பட்டும். அதுவும் அரை நாள்தான்!