பொருளும் பிரயோகமும்

ஆங்கிலச் சொற்களை இடப்பக்கத்திலும் அவற்றின் தமிழ்ப் பொருளை வலப்பக்கத்திலும் எழுதி, அவ்வரிசையை நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்றும் அனுஷ்டிக்கப்பட்டு வருவது, மாணவரின் உழைப்பை விரயமாக்கும் காரியமென்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ‘டிஸ்கஸ்’ என்றால் விவாதித்தல் என்று மட்டும் அறிந்த மாணவன், தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிப்பதே இயல்பாதலால், ஆங்கிலத்திலும் அதன்பின் ‘அபௌட்’ என்பதைச் சேர்த்தே எழுதிவிடுகிறான். அச்சொல் வேறு துணையின்றி நேரே செயப்படுபொருளைக் கொள்ளும் என்பதை ஒரேயொரு உதாரண வாக்கியம் அவனுக்குச் சிரமமின்றிப் போதித்திருக்கும்.

அகராதி செய்தோர் இதை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் நூலாசிரியர்களின் வாக்கியங்களையே சொற்பொருளுக்குச் சான்றாக நிறுத்தினார். ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஏ.எஸ். ஹார்ன்பியோ, அந்நிய பாஷையாக அதைப் பயில்வோர் இடறும் இடங்களை வகுப்பறையிலேயே கண்டவராதலின், 1942-இல் டோக்கியோவில் சகாக்கள் இருவரோடு வெளியிட்ட அகராதியில், வினைச்சொற்களை அவை வாக்கியத்தில் அமையும் முறைப்படி வகுத்துக் காட்டினார். அதுவே 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாகி உலகெங்கும் பரவியது.

ஆகவே, நாளொன்றுக்கு இருபது சொற்களை மனனம் செய்விப்பதைக் கைவிட்டு, ஐந்தே சொற்களைக் கொடுத்து, தன் வீடு, கடைத்தெரு, பேருந்துப் பயணம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மாணவன் தானே இரண்டு வாக்கியங்கள் இயற்றவும், ஆசிரியர் அவற்றைப் பொறுமையாகத் திருத்தவும் பாடவேளையில் அவகாசம் ஒதுக்க வேண்டும். தேர்விலும் பொருளை மட்டும் வினவாது, வாக்கியத்தையே கேட்க வேண்டும்.