பீடிங் அலங்காரம் அல்ல

பிரிட்டனின் எல்.என்.இ.ஆர். ரயில்வேக்காக நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த பெட்டிகளில் பெரும்பாலானவை தேக்கு உடல் கொண்டவை. வண்ணம் பூசாமல் வார்னிஷ் அடித்தே ஓடின. இவற்றுக்கு மாதிரி செய்கிறவர்கள் பலர், பக்கவாட்டில் ஓடும் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டையை வெறும் அலங்காரமாக நினைத்துவிடுகிறார்கள். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் பலகைகளின் இணைப்பு உள்ளிருக்கும் சட்டத்தின் மேல் வரும். அதை மூடுவதுதான் பீடிங். பீடிங்கை இடம் மாற்றி ஒட்டினால் பெட்டியின் எலும்புக்கூட்டையே மாற்றியதாகிவிடும். அதன் மரவரியும் நீளவாக்கில்தான் ஓடும். நிமிர்ந்த பீடிங்கில் கிடைக்கோடாக வரி தீட்டினால் தச்சு தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

இரண்டடி தள்ளி நின்று பார்க்கையில் இதெல்லாம் தெரியுமா என்று கேட்கலாம். தெரியும். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் அரை அங்குலத் தடிமன் 0.17 மில்லிமீட்டர்தான். அங்கே அரை மில்லிமீட்டர் பட்டை ஒட்டினால் அது ஒன்றரை அங்குலக் கட்டையாகிவிடும். கண் தடிமனை அளக்காது, அதன் நிழலைப் பார்த்துவிடும். வரைபடம் இருந்தால் போதும் என்பதையும் ஏற்க முடியவில்லை. பெட்டிகள் பழுதுபார்ப்பில் மாறிக்கொண்டே இருந்தன. எஃகு உடல் கொண்ட பெட்டிகளுக்குக்கூடத் தேக்கு போலத் தோன்ற வரி தீட்டினார்கள். எனவே குறிப்பிட்ட பெட்டியின், குறிப்பிட்ட ஆண்டின் புகைப்படம் வேண்டும். விளையாட்டில் இவ்வளவு கறார் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. பொதுவான பொம்மை ரயிலுக்கு இது தேவையில்லை. ஆனால் உண்மையில் ஓடிய ஒரு பெட்டியின் எண்ணை மாதிரியில் எழுதினால், அந்தப் பெட்டிக்கு உண்மையாக இருந்தாக வேண்டும். பிரிட்டனின் செவர்ன் வேலி ரயில்வேயில் இந்தத் தேக்குப் பெட்டிகள் சில இன்றும் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்கலாம்.