ஆற்றங்கரையில் கை ஓடணும்... வயக்காட்டில் கை அடங்கணும்!

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் தரைக்கு இறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் சேரும்வரை படித்துறைகளுக்கும் வயல்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. குளிக்க, துவைக்க, திதி கொடுக்க, லீவு நாளில் பிள்ளைகளோடு சோறு கட்டிக்கொண்டு போக எல்லாவற்றுக்கும் ஆறு வேண்டும். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல்லும், வாழையும் விளையவும் அதே ஆறுதான் வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு நேரும் ஆபத்துகளில் இரண்டு, ஆற்றோடு சேர்ந்தே வருகின்றன. ஒன்று, தண்ணீரில் மூழ்குவது. இன்னொன்று, வயலிலோ வரப்பிலோ பாம்பு கடிப்பது.

இரண்டுக்கும் முதலுதவி உண்டு. ஆனால் இரண்டும் நேர் எதிரானவை. மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்த அந்த நொடியிலேயே பக்கத்தில் இருப்பவரின் கை வேலையைத் தொடங்க வேண்டும். பாம்பு கடித்தவரிடமோ கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதையும் செய்யாமல் கை அடங்கியிருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் பல வீடுகளில் உயிருக்கு உலை வைக்கிறது.

முதலில் கரையில் நின்று உதவுங்கள்

மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றுக்குள் மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம், பாசி பிடித்த பாறை இருக்கலாம். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போய்விடுவார். அவரைக் காப்பாற்ற அண்ணன் குதிப்பார், அவருக்குப் பின்னால் அப்பா குதிப்பார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போகும் செய்திகள் இப்படித்தான் வருகின்றன. மூழ்குகிறவர் பயத்தில் கையில் சிக்கியவரையே ஏறி மிதிப்பார். நீச்சல் தெரிவது வேறு, மூழ்குகிறவரை இழுத்து வரத் தெரிவது வேறு.

என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே துணி துவைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருதைத் தமிழக அரசு அந்த மூவருக்கும் வழங்கியது.

புடவை, வேட்டி, சாரம், கயிறு, நீண்ட கம்பு, மூடி போட்ட காலி பிளாஸ்டிக் குடம்... கைக்கு எது கிடைக்கிறதோ அதை நீட்டலாம், வீசலாம். வீசுகிறவர் படியில் படுத்தோ உட்கார்ந்தோ பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது அவரும் உள்ளே போகமாட்டார்.

தலைகீழாகச் சுற்றாதீர்கள்

மூழ்கியவரைக் கரையில் போட்டதும் கூட்டம் கூடும். “காலைப் புடிச்சுத் தலைகீழா சுத்துங்கல!” என்று ஒருவர் சொல்வார். “வயித்தை அமுக்கு, தண்ணி வெளிய வரட்டும்” என்பார் இன்னொருவர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூழ்கியவரின் உயிரை எடுப்பது வயிற்றில் இருக்கும் தண்ணீர் அல்ல, மூளைக்குப் போகாமல் நின்றுபோன காற்று. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதைவிட, சுற்றுவதிலும் அமுக்குவதிலும் நேரம் போகும். காற்று இல்லாமல் நான்கைந்து நிமிடங்கள் கடந்தாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது விட்டு விட்டுத் திணறல்தான் வருகிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும். ஊர்ப் பெயர், படித்துறைப் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பாலம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் நெற்றியில் ஒரு கையை வைத்து, மறு கையால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும் அளவுக்குக் காற்று ஊத வேண்டும். முதலில் இரண்டு முறை. சில பயிற்சிகளில் ஐந்து முறை என்று சொல்லித் தருவார்கள். இரண்டுமே சரிதான்.

அடுத்து, நடு மார்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 30 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டவும் கூடாது. வேகம், நிமிடத்துக்கு 100 முதல் 120. பிறகு இரண்டு முறை காற்று, மறுபடி 30 அழுத்தம். குழந்தைகளுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல ஊதி, இரண்டு கட்டை விரல்களால் அழுத்தினால் போதும். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது மூச்சு திரும்பும்வரை நிறுத்தக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளலாம்.

நடுத்தெருவில் மாரடைப்பால் சுருண்டு விழுந்த பெரியவருக்கு, வாயில் ஊதத் தயக்கமாக இருந்தால், மார்பை மட்டும் விடாமல் அழுத்தலாம். அவர் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். மூழ்கியவரின் ரத்தத்தில் அந்த மிச்சம் இருக்காது. அதனால்தான் ஆற்றங்கரையில் முதல் வேலை காற்று.

மூச்சு திரும்பி, “எனக்கு ஒண்ணுமில்ல” என்று எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும். தண்ணீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் திணறத் தொடங்கலாம்.

வயலில் கயிறு வேண்டாம்

வயலில் நிலைமை வேறு. பாம்பு கடித்தது என்ற சத்தம் கேட்டதும் ஒருவர் துண்டைக் கிழித்து முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டுவார். இன்னொருவர் பிளேடைத் தேடுவார். மூன்றாமவர் கம்போடு பாம்பைத் தேடிப் போவார். மூன்றுமே வேண்டாதவை.

இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்பது பழைய நம்பிக்கை. விரியன் வகைப் பாம்பின் விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிக்கக்கூடியது. கட்டுப் போட்டால் அந்த விஷமும், ரத்தம் ஓடாத காலும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். உயிர் பிழைத்தும் காலை இழந்தவர்கள் உண்டு. கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் விஷம் ஒரேயடியாக உடம்பில் பாயும். ஆகவே யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்கக் கூடாது. டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். கீறினால் ரத்தம் நிற்காமல் போகலாம். விரியன் விஷத்துக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் குணமும் உண்டு.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கடிபட்டவரை அங்கேயே உட்கார அல்லது படுக்க வைக்க வேண்டும். “பயப்படாதீங்க அண்ணாச்சி, மருந்து இருக்கு” என்று சொல்வதும் ஒரு முதலுதவிதான். ஓடினாலும் நடந்தாலும் விஷம் வேகமாகப் பரவும். வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட காலையோ கையையோ ஒரு மட்டை அல்லது கம்போடு சேர்த்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் அசையாமல் தளர்வாகக் கட்டலாம். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். வாந்தி எடுத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, தூக்கிக்கொண்டே வண்டிக்குப் போக வேண்டும்.

பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் ஊரில் கொடுக்கப்படுகிறது. அதற்கான விஷத்தைப் பெருமளவு எடுத்துத் தருவது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருப்பது தெரிந்துவிடும்.

கட்டுவிரியன் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். இது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தானாக மூடிக்கொள்வது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். “ராத்திரி சாப்பிட்டது சேரலை” என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம், உயிர் போகும் நேரம். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதும், இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காமல் இருப்பதும் கடியையே தவிர்க்கும்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே, எத்தனை பேர் என்ற கணக்கு சரியாகத் தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும். மந்திரிப்பவர் வீட்டுக்கும் பச்சிலை வைத்தியருக்கும் போய்விட்டு வருபவர்கள் இழப்பது மருந்தை அல்ல, நேரத்தை.

வீட்டுக்குள்ளும் இதே கணக்கு

சமையலறையில் சுட்டுக்கொண்டால் டூத் பேஸ்ட், இட்லி மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். ஐஸ் கட்டி வேண்டாம். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். தலைக்கு அடியில் துணி வைத்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. சாப்பிடும்போது தொண்டையில் அடைத்துப் பேச முடியாமல் தவிப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லை என்றால், பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேல் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. குப்புறக் கையில் ஏந்தி முதுகில் தட்டுவதும், திருப்பி மார்பில் ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்துவதும்தான் வழி.

ஆம்புலன்ஸ் வராத இரவு

“108-க்கு போன் போட்டா வந்துருவாங்கல்ல, நாம எதுக்குப் படிக்கணும்?” என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் தாண்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் நின்றது. சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியது பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள். அந்த இரவுகளில் எந்த வண்டியாலும் பல ஊர்களுக்குப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் டாக்டர், எதிர்வீட்டு அக்காதான் நர்ஸ்.

வெள்ளம் இல்லாத நாளிலும், பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவு தூரம். நடுவில் அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வயலில் இருப்பவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்பது கடிபட்ட பிறகு யோசிக்கிற விஷயமாக இருக்கக் கூடாது.

மார்பை அழுத்துவதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்பது கைக்குப் பழகும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் பயிற்சி தருகின்றன. தீயணைப்பு மீட்புப் பணி நிலையங்களில் கேட்டால், பள்ளிக்கோ தெருவுக்கோ வந்து செய்துகாட்டுவார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், படித்துறை கோயில் கொடைக்கு முந்தைய ஊர்க்கூட்டம், பள்ளிப் பெற்றோர் கூட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் போன் நம்பரையும் 108-ஐயும் அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். ஆத்துக்குப் போகும் பையில் எண்ணெய், சீயக்காயோடு பத்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றையும் போட்டு வைக்கலாம். கடையில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.