அண்டமும் பிண்டமும்

சென்ற வாரம் வகுப்பில் அணுவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் நடுவே ஒரு புள்ளியும், அதைச் சுற்றிச் சில வட்டங்களும் போட்டுக் காட்டினேன். மணி அடிக்கும் தறுவாயில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், இது ஸூரிய மண்டலத்தின் படம் மாதிரியே இருக்கிறதே! அப்படியானால் எலெக்ட்ரானிலும் குட்டி மனிதர்கள் இருப்பார்களா? நம் ஸூரிய மண்டலமே ஏதோ ஒரு ராக்ஷஸனுடைய நகத்தில் ஓர் அணுவாக இருக்குமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்தில் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், ஞானிகள் அவனை அருகில் உட்கார்த்திப் பேசியிருப்பார்கள்.

பெரியதில் உள்ள அமைப்பே சிறியதிலும் உண்டு என்பது அவர்களுக்கு மிகவும் பிடித்தமான கருத்து. கி.மு. 6-ம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்தில் வாழ்ந்த அனாக்ஸிமினிஸ், மூச்சுக் காற்று மனித உடலைத் தாங்கி நிற்பதுபோலவே உலகனைத்தையும் காற்று சூழ்ந்து தாங்குகிறது என்றார். மனிதனைச் சிற்றுலகம் என்று டெமாக்ரிட்டஸ் அழைத்ததாகச் சொல்வார்கள். அண்டம், பிண்டம் என்று இணைத்துப் பேசும் வழக்கம் உள்ள நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இக்கருத்தை மிகவும் ரஸமாக விரித்தவர் பிளேட்டோ. பிரபஞ்சம் முழுவதும் உயிரும் அறிவும் உள்ள ஒரே பிராணி என்றும், அதன் வடிவம் உருண்டை என்றும் 'டிமேயஸ்' என்னும் நூலில் அவர் வர்ணிக்கிறார். அதைப் பின்பற்றியே நம்முடைய தலையும் உருண்டையாக அமைந்ததாம். தலை மட்டும் இருந்தால் மேடு பள்ளங்களில் உருண்டு திண்டாடும் அன்றோ? அதற்கு வாகனமாகவே உடலும் கைகால்களும் வந்தனவாம்! இதைப் படித்து நாம் புன்னகை செய்யலாம். ஆனால் அடுத்து அவர் சொல்லுவது சிந்திக்கத் தக்கது. வானத்துக் கோளங்களின் ஒழுங்கான சுழற்சியைக் கண்டு, தடுமாறும் நம் எண்ணங்களையும் அவ்வாறே ஒழுங்குபடுத்திக் கொள்வதற்காகத்தான் நமக்குக் கண் அளிக்கப்பட்டது என்கிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் தீங்கில்லை. வைத்தியத்தில் புகுந்தபோதுதான் வினை வந்தது. உலகம் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கால் ஆனது என்று எம்பிடாக்ளிஸ் வகுத்தார். ஹிப்பாக்கிரட்டஸின் மரபில் வந்த வைத்தியர்கள், உடலிலும் இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு உண்டு என்றார்கள். வசந்தத்தில் இரத்தம் மிகும். கோடையில் மஞ்சள் பித்தம். இலையுதிர் காலத்தில் கரும்பித்தம். குளிர் காலத்தில் கோழை. பொருத்தம் எவ்வளவு அழகாக இருக்கிறது! அவ்வழகில் மயங்கியதனால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மிகுந்ததைக் குறைத்தால் நோய் தீரும் என்று நம்பி, இரண்டாயிரம் ஆண்டுகளாக நோயாளிகளின் நரம்பைக் கீறி இரத்தம் வடித்தார்கள். 1799-ம் ஆண்டு டிஸம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தொண்டையில் கடும் நோய் கண்டது. ஒரே நாளில் பல முறை அவருக்கு இரத்தம் எடுத்தார்கள். அன்றிரவே அவர் காலமானார். நோயும் கொடியதுதான், ஆனால் சிகிச்சை அவருடைய பலத்தைக் குறைத்ததே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. 1835-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் பியர் லூயி, பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் எண்ணிக் கணக்கிட்டு, இம்முறையால் நம்பிய அளவு பயன் இல்லை என்று காட்டினார்.

ஆகையால் அக்கருத்தே வீண் என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் நியாயமாகாது. கல்லீரல் உணவிலிருந்து இரத்தத்தை ஓயாமல் உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன என்றே நெடுங்காலம் நம்பி வந்தார்கள். நீர் ஆவியாக மேலே சென்று மழையாகத் திரும்புவதுபோல இரத்தமும் சுற்றி வருகிறது என்று 1628-ல் எழுதினார் வில்லியம் ஹார்வி. இருதயத்தை அவர் சிற்றுலகின் ஸூரியன் என்றே அழைத்தார். ஆனால் அவர் உவமையோடு நிற்கவில்லை. ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் வெளிப்படுகிறது என்று மதிப்பிட்டுப் பெருக்கிப் பார்த்தார். அரைமணி நேரத்தில் வெளிப்படுவது, உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிட்டது! அதே இரத்தம் திரும்பி வந்தாலன்றி இது எப்படிக் கூடும்? உவமை வழியைக் காட்டியது. கணக்குத்தான் அதை உண்மையென்று நிலைநாட்டியது.

அணுவின் கதையும் இப்படித்தான். 1911-ல் ரூதர்போர்டு அணுவின் நடுவில் கருவைக் கண்டார். 1913-ல் நீல்ஸ் போர், எலெக்ட்ரான்கள் கிரகங்களைப்போல அதைச் சுற்றுவதாக வைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் வாயுவின் ஒளிக் கோடுகளுக்கு அருமையான விளக்கம் தந்தார். மற்ற அணுக்களிடம் அந்த விளக்கம் பலிக்கவில்லை. 1925, 1926-ம் ஆண்டுகளில் ஹைஸன்பெர்க்கும் ஷ்ரோடிங்கரும் வேறு வழி கண்டார்கள். எலெக்ட்ரானுக்குக் கிரகத்தைப்போன்ற பாதையே கிடையாது; அது எங்கே அகப்படக்கூடும் என்று மட்டுமே சொல்ல முடியும்.

மறுநாள் அந்தப் பையனிடம், "தம்பி, பூமியும் செவ்வாயும் ஒன்றல்ல, ஒவ்வொன்றுக்கும் தனி மலை, தனிப் பள்ளத்தாக்கு. எலெக்ட்ரான்களோ ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபடாதவை. அங்கே ஊரும் இல்லை, மனிதரும் இல்லை" என்றேன்.

அவன் சற்று யோசித்து, "பாதையே இல்லையென்றால் நீங்கள் ஏன் ஸார் வட்டம் போட்டீர்கள்?" என்றான்.

இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வட்டம் போட்டது பிழையல்ல, அது உவமை என்று சொல்லாமல் விட்டதுதான் என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு படத்தை மறுபடியும் வரைந்து, அதன் கீழே 'உவமை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.