கதிரொளியில் விரியும் ஏடு

நுழையும்முன்

ஓலைச்சுவடியைப் படிக்க ஒரு விளக்கின் ஒளி போதுமானதாக இருந்தது. அச்சுநூலுக்கும் அதுவே போதும். மின்னூலுக்கோ படிக்கும் கருவிக்கே மின்னாற்றல் வேண்டும். அவ்வாற்றல் தடைப்படும் ஊரில் படிப்பும் தடைப்பட வேண்டுமா? மலையூர் மாணவரின் கையிலுள்ள நூலுக்குக் கதிரவன் துணைநிற்க முடியும் என்னும் கருத்தை இப்பாடம் முன்வைக்கிறது.

கதிரவனைப் படித்த மலை

பழனிமலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 1901ஆம் ஆண்டு முதல் அங்குக் கதிரவன் ஆராயப்பட்டு வருகிறது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்செட் 1909ஆம் ஆண்டு அங்கிருந்தே கண்டறிந்தார். நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கு எடுக்கப்பட்ட கதிரவனின் ஒளிப்படங்கள் இன்று எண்ணிம வடிவில் பாதுகாக்கப்படுகின்றன.

அதே மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் விளையும் சரிவுகளுக்கிடையே ஆடலூர் அமைந்துள்ளது. கதிரவனைப் படித்த மலையில், கதிரவனைக் கொண்டு படிக்கவும் இயலும். அதற்குத் தேவையானவை கையகலத் தகடு ஒன்றும், அதனைப் பேணும் மனமும் ஆகும்.

நூல் உண்டு, ஆற்றல் உண்டா?

தமிழில் மின்னூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதலாகப் பல நூல்களை விலையின்றி வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவ்வாறே பயன்படுகிறது. 2018ஆம் ஆண்டு அறிமுகமான புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மாணவர் பலருக்குக் கைப்பேசியே வகுப்பறையாயிற்று.

ஆயினும், கருவியில் மின்னேற்றம் தீர்ந்த நொடியில் அத்தனை நூல்களும் ஒருசேர மூடிக்கொள்கின்றன. மலையூர்களுக்குச் செல்லும் மின்கம்பிகள் காடுகளின் ஊடே செல்பவை. காற்றில் ஒரு மரம் சாய்ந்தாலும் பல ஊர்கள் இருளில் மூழ்கும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கொடைக்கானல் மலைப்பகுதியையும் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன, மின்சாரம் தடைப்பட்டது. சமவெளி மாணவருக்குச் சில மணிநேரத் தடையாக இருப்பது, மலை மாணவருக்குச் சில நாள் தடையாக நீள்கிறது. தேர்வோ இருவருக்கும் ஒரே நாளில் வருகிறது.

ஒரு சிறிய கணக்கு

கதிரொளியால் மின்னேற்றம் செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் என்பது பொதுவான எண்ணம். எக்கருவிக்கு மின்னேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் உண்மை அமையும். மடிக்கணினி ஒன்றின் மின்கலத்தை நிரப்ப ஏறத்தாழ 40 வாட்-மணி ஆற்றல் வேண்டும். திறன்பேசிக்கு ஏறத்தாழ 15 வாட்-மணி வேண்டும். நூல் படிப்பதற்கென்றே அமைந்த மின்மைத் திரைக் கருவிக்கோ 6 வாட்-மணியே போதும். அத்திரையில் எழுத்து ஒருமுறை உருவாகிவிட்டால், அது நிலைத்துநிற்க மின்சாரம் தேவையில்லை. பக்கத்தைப் புரட்டும்போதுதான் ஆற்றல் செலவாகிறது. ஆகவே, நாள்தோறும் ஒரு மணிநேரம் படிப்பவருக்கு ஒரு மின்னேற்றம் ஒரு வாரத்திற்கு மேலும் வரும்.

10 வாட் தகடு ஒன்று, நல்ல வெயிலில் 4 மணிநேரத்தில் 40 வாட்-மணி ஆற்றலைத் தரும். இழப்புகள் போக 25 வாட்-மணி எஞ்சுவதாகக் கொள்ளலாம். 20 கருவிகளுக்கு வாரம் ஒருமுறை மின்னேற்ற 120 வாட்-மணி வேண்டும். அஃதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 வாட்-மணி. ஆக, ஒரு வகுப்பின் 20 மாணவர்க்குரிய நூலகத்தை 10 வாட் தகடு ஒன்றே தாங்கும். வெயிலின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்த முகில் நாளிலும், ஒரு கருவிக்காவது ஆற்றல் கிடைக்கும்.

மலை கற்பிக்கும் பாடங்கள்

இக்கணக்கு பலிக்க, இடம் அறிந்து தகட்டை வைத்தல் வேண்டும். காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்கள் மிகுதி. தகட்டின் சிலிக்கான் சில்லுகள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தகடு முழுவதன் விளைச்சலும் குறையும். எனவே, நிழல் விழாத கூரையில், தென்திசை நோக்கிச் சற்றே சாய்த்துத் தகட்டைப் பொருத்த வேண்டும். வெப்பம் மின்கலத்தின் வாழ்நாளைக் குறைக்கும். ஆதலால் தகடு வெயிலிலும் கருவி நிழலிலும் இருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முகில் நாள்கணக்கில் மலையை மூடுவதுண்டு. அக்காலத்திற்காக வெயில் நாளின் ஆற்றலைச் சேமிப்பு மின்கலத்தில் தேக்கிவைப்பது, உழவர் விதைநெல்லைக் காப்பது போன்றது.

அச்சுநூல் இருக்க இவை எதற்கு?

அச்சுநூலுக்கு மின்சாரமே வேண்டாம்; அது கீழே விழுந்தாலும் பழுதாகாது. அவ்வாறிருக்க, மின்கருவி எதற்கு என்னும் வினா நியாயமானதே. பாடநூல் அச்சில் இருப்பதே நன்று. ஆனால், பாடநூலுக்கு அப்பாலும் படிக்க விரும்பும் மாணவருக்கு ஆயிரம் நூல்களை மலைமேல் சுமந்து செல்வது எளிதன்று. ஒரு கருவியில் ஆயிரம் நூல்களும் அடங்கும். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையமும் வேண்டுவதில்லை. காணொலி காண்பதற்கு அக்கருவி உதவாது; ஆயினும், படிப்பில் ஆழ்வதற்கு அக்குறையே நிறைவாகிறது.

கருவியின் விலை ஓர் ஏழைக் குடும்பத்திற்குச் சுமையே. ஆகவே, அது தனியுடைமையாக அன்றிப் பள்ளியிலும் ஊர்ப்புற நூலகத்திலும் பொதுவுடைமையாக இருப்பதே தக்கது.

செய்யத் தக்கது

2011ஆம் ஆண்டு தமிழக அரசு, சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. ஊரகத்தில் கட்டித்தரப்படும் 300 சதுர அடி வீட்டுடன் கதிரொளி விளக்குகளும் சேர்த்தே வழங்கப்பட்டன. விளக்கு வீட்டின் ஒரு பகுதி என்பதை அத்திட்டம் ஏற்றது. அதே நெறியில், மின்னேற்றம் நூலின் ஒரு பகுதி என்பதும் ஏற்கப்பட வேண்டும். மலையூர்ப் பள்ளிக்குக் கருவி வழங்கப்படுமாயின், தகடும் சேமிப்பு மின்கலமும் உடன் வழங்கப்பட வேண்டும். தகட்டைப் பொருத்திவிட்டு மறந்தால், தூசியும் தளர்ந்த இணைப்பும் விரைவில் அதனை வெற்றுப் பலகையாக்கும். தகட்டைத் துடைக்கவும், இணைப்பைச் சோதிக்கவும், பழுதான மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் முறையாகத் திருப்பியனுப்பவும் மாணவர் இருவருக்கேனும் பயிற்சி அளித்தல் இன்றியமையாதது.

ஆடலூரின் கூரைகள்மேல் கதிரவன் நாள்தோறும் கட்டணமின்றி ஒளியைப் பொழிகிறான். அவ்வொளியில் சிறிதளவு ஒரு மாணவியின் கையிலுள்ள ஏட்டைச் சென்றடையுமாயின், மின்கம்பி அறுந்த இரவிலும் அவள் படிப்பு அறுபடாது.