ஈரச் சுவருக்கு எதற்குப் பெயின்ட்?



தீபாவளி நெருங்கினால் லயத்துக்கு ஒரு லொறி வரும். பெயின்ட் வாளி இறங்கும். கொந்தரப்புக்காரர் இரண்டு ஆட்களோடு வந்து, சட்டி பானையை இஸ்தோப்புக்கு எடுக்கச் சொல்வார். அந்திக் கொழுந்து நிறுப்பதற்குள் நான்கு காம்பரா முடிந்துவிடும். ரோட்டிலிருந்து பார்த்தால் லயம் புதுசு. தைப்பொங்கலுக்குள் சுவர் கொப்புளம் போடும். மாசியில் பாளம் பாளமாக உரிந்து, பிள்ளை படுத்திருக்கும் பாயில் விழும்.

கண்டிப் பக்கத்தில் நமது அங்கத்தவர்கள் வாழும் தோட்டம் ஒன்றில் நடந்தது இதுதான். கேட்கப்போன கமிட்டித் தலைவருக்கு நிர்வாகம் சொன்ன பதில்: "உள்ளே விறகு எரிக்கிறீர்கள், ஈர உடுப்பைக் காயப்போடுகிறீர்கள். சுவர் கெடாமல் என்ன செய்யும்?"

விறகு எரிக்கிறோம், உண்மைதான். புகைபோக்கி இல்லாத காம்பராவில் சுவர் கறுக்கத்தான் செய்யும். மழையில் நனைந்து கொழுந்தெடுத்த உடுப்பை வேறெங்கே காயப்போடுவது? ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறி நிற்கிற ஈரத்தை எந்த அடுப்பும் உண்டாக்கவில்லை. அது மண்ணிலிருந்து வருகிறது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய லயங்களில் பின்சுவரோடு மண் சாய்ந்து கிடக்கிறது. அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் படை பழைய லயங்கள் பலவற்றில் கிடையாது. பீலி துருப்பிடித்து, கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறது. சுவருக்குள் ஏறும் தண்ணீர் உப்பையும் கூட்டி வருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு பூத்து, பெயின்டை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது. எவ்வளவு விலை கூடிய பெயின்ட் என்றாலும் இதற்கு முன் நிற்காது.

பெயின்ட் என்பது கடைசி வேலை. அதற்கு முந்திய வேலைகளை யார் செய்தார்கள் என்பதுதான் நமது கேள்வி. முதலில் கூரையும் பீலியும். பிறகு பின்சுவர் மண்ணை வெட்டி, கான் போட வேண்டும். பிறகு சுவரைக் காயவிட வேண்டும். ஆட்டம் கண்ட பூச்சைத் தட்டி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, புகைக்கரியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். பூஞ்சணத்தைக் கொன்று துடைக்க வேண்டும். கையால் தடவினால் வெள்ளையாக ஒட்டும் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவருக்குக் கெட்டிச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்குப் பொருத்தம். வேறு சுவருக்குப் புதிதாகச் சீமெந்து பூசினால் சுமார் 28 நாள் காயவிட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் அடிப்பூச்சு, அதன் பிறகே வர்ணம். ஒரு பகலில் நான்கு காம்பரா முடிகிறது என்றால் இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

காலத்தையும் பாருங்கள். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் பெருமழை மாதங்கள். சுவர் தண்ணீர் குடித்து நிற்கும் அந்தக் காலத்தில்தான் நமக்குத் "தீபாவளிப் பரிசு" வருகிறது. காய்ந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழையின் கணக்கை நாளும் பார்க்கிற துரைமாருக்கு இது தெரியாதா?

இது அழகைப் பற்றிய சண்டை அல்ல. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிழுப்பு, ஆஸ்துமா கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே அறிவித்துவிட்டது. பழைய கதவு, சன்னல்களின் எனாமலிலும் கவனம் வேண்டும். பெயின்டில் உள்ள ஈயத்துக்கு இலங்கையில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். அதற்கு முந்திய பூச்சைக் காய்ந்தபடியே தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

"அடிக்கிறதையாவது அடிக்கட்டும், வேண்டாம் என்றால் அதுவும் போய்விடும்" என்று நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். பண்டிகைக்கு வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற ஆசை நமக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயின்ட் பில் "லயன் திருத்தம்" என்று கணக்கில் ஏறுகிறது. அடுத்த வருசம் கூரைத் தகரம் கேட்டால், "போன வருசம்தானே திருத்தினோம்" என்கிறார்கள். நமக்கு வந்த பெயின்டே நமது வாயை அடைக்கிறது.

"தனி வீடு கேட்கும் சங்கம் லயத்துச் சுவரைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்றும் கேட்கிறார்கள். ஏழு பேர்ச் காணியும் சொந்த உறுதியும் நமது உரிமை. அதை விடமாட்டோம். ஆனால் அதுவரை இருமும் பிள்ளை இந்தக் காம்பராவில்தான் தூங்குகிறது.

காசில்லை என்பவர்கள் ஹந்தானைக்கு ஒரு நடை போய் வரட்டும். 1925இல் கட்டி, பிறகு கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் திருத்தப்பட்டு, இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. பழைய இயந்திரங்கள் இருக்க நல்ல கட்டடம் கிடைத்தது, நல்லது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ந்த சுவராவது கிடைக்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது:

1. கூரை, பீலி, கான், பின்சுவர் மண் ஆகிய வேலைகள் முடியாமல் எந்தக் காம்பராவுக்கும் பெயின்ட் கூடாது.

2. சுவர் வேலை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடக்க வேண்டும்.

3. பெயின்டுக்கு முன் தோட்டக் கமிட்டியும் மாதர் பிரதிநிதிகளும் சுவரைச் சோதிக்க வேண்டும். ஒரு முழப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் வேர்த்திருந்தால் சுவர் காயவில்லை.

4. இந்தச் சோதனை நடக்காத வேலைக்கு, "வேலை முடிந்தது" என்ற தாளில் எவரும் கையெழுத்துப் போடக்கூடாது.

லொறி வரும்போது வாளியை எண்ணாதீர்கள். சுவரில் கையை வைத்துப் பாருங்கள். கை ஈரமானால் பெயின்டைத் திருப்பி அனுப்புங்கள். சங்கம் உங்களோடு நிற்கும்!