ரிசல்ட் நார்மல், அக்கா நார்மல் இல்லை

பெர்மாஸ் ஜெயாவில் என் அக்கா வீட்டுக்குப் போனால் மின்விசிறி ஒன்றாம் நம்பரில்தான் சுற்றும். மத்தியான வெயிலில் நாங்கள் எல்லாரும் வியர்த்துக் கொட்டுவோம். அவள் போர்வையைத் தேடுவாள். "அவளுக்குக் குளிர்ச்சி உடம்பு" என்பார் அம்மா. அதிகாலை நாலரைக்கு எழுந்து, கம்பெனி பஸ் பிடித்து, காஸ்வே நெரிசலைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள் சோர்ந்து போகாமல் என்ன செய்வாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்படியே ஆறு வருடம் ஓடியது.

இடையில் இரண்டு முறை தைராய்டு பரிசோதனை செய்தாள். கம்பெனி பேனல் கிளினிக்கில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தார்கள். இரண்டு முறையும் நார்மல். "ஸ்ட்ரெஸ், நல்லா தூங்குங்க" என்று அனுப்பி வைத்தார்கள். காகிதத்தில் நார்மல் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் யார் கேள்வி கேட்கப் போகிறோம்?

போன வருடம் சாதாரணக் காய்ச்சலும் வாந்தியும் வந்து மயங்கி விழுந்தாள். வார்டில் சேர்த்தபோது ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், ஏகத்துக்கும் குறைந்திருந்தது. அங்கே ஓர் இளம் டாக்டர், மலாய்க்காரப் பெண், கட்டிலருகே நின்று கேட்ட கேள்வி எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறைய போனதா? அதன் பிறகு பால் சுரந்ததா? மாதவிலக்கு திரும்ப வந்ததா?"

ரத்தம் போனது உண்மை. பல பை ரத்தம் ஏற்றினார்கள். பால் சுரக்கவே இல்லை. அம்மா பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை என்று என்னென்னவோ சமைத்துப் போட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்க பால் கொடுக்குதுங்க" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். மாதவிலக்கும் வரவில்லை. வராதது வசதி என்று அவளும் இருந்துவிட்டாள். தொண்டையில் இருக்கும் தைராய்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மூளைக்கு அடியில் இருக்கிறது. பட்டாணி அளவுதான் பிட்யூட்டரி சுரப்பி. என் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒலிபரப்பு அறையில் மைக் முன்னால் இருப்பவர் தைராய்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளர் பிட்யூட்டரி. அவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டி நம் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். குரல் தணிந்தால் "கூட்டு" என்பார். கூடினால் பேசாமல் இருப்பார். அந்த "கூட்டு" என்ற கட்டளைதான் டி.எஸ்.எச்.

பெரும்பாலான தைராய்டு குறைபாட்டில் கோளாறு தைராய்டிலேயே இருக்கும். குரல் வராததால் தயாரிப்பாளர் கத்துவார், டி.எஸ்.எச். எகிறும். எனவேதான் முதல் பரிசோதனையாக அதைப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் காட்டிக் கொடுக்கும். ஆனால் தயாரிப்பாளரே மயங்கிக் கிடந்தால்? குரல் தணிந்திருக்கும், கத்தலும் இருக்காது. அவர் முனகுவதை அளந்து பார்த்துவிட்டு, நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று எழுதிவிடுவோம். அக்காவுக்கு ஃப்ரீ டி4 பார்த்தபோது இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டி4 அவ்வளவு கீழே போனால் டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் நார்மலாக நின்றதே கோளாறின் அடையாளம்.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கும். அதற்கு ஏற்ற அளவு ரத்த ஓட்டம் கூடுவதில்லை. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு ரத்த அழுத்தம் விழுந்தால் சுரப்பியின் முன்பகுதி பட்டுப்போகலாம். பால் சுரக்க, மாதவிலக்கு வர, தைராய்டை இயக்க, கோர்டிசோலைச் சுரக்கவைக்க எல்லாக் கட்டளையும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. 1937இல் நோயியல் மருத்துவர் ஹெரால்ட் ஷீஹன் இதை விவரித்ததால் ஷீஹன் நோய்க்குறி என்ற பெயர். மருத்துவமனைப் பிரசவமும் உடனடி ரத்தமும் கிடைக்கும் இடங்களில் அரிதாகிவிட்டது. ஆனால் காஷ்மீர் பள்ளத்தாக்கில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

பிட்யூட்டரியில் வரும் கட்டி, அதற்கான அறுவை சிகிச்சை, தலையில் கதிர்வீச்சு, பலத்த தலைக்காயம் இவற்றாலும் இதே நிலை வரலாம், ஆண்களுக்கும்தான். நம் நாட்டில் 1990களின் இறுதியிலிருந்து பச்சிளம் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிய திட்டம் அது. என்றாலும் பிட்யூட்டரி கோளாறு உள்ள அபூர்வக் குழந்தை அந்த வலையில் சிக்காது. மஞ்சள் காமாலை நாள்கணக்கில் இழுத்தால், பிள்ளை சரியாகப் பால் குடிக்காவிட்டால், "டெஸ்ட் செஞ்சாச்சு" என்று இருந்துவிடாமல் மறுபடி காட்டுங்கள்.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. தைராய்டு குறைபாட்டைப் பல வருடம் கவனிக்காமல் விட்டால், கத்திக் கத்தியே பிட்யூட்டரி வீங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் அது கட்டி போலவே தெரியும். தைராக்ஸின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

அக்காவுக்கு உடனே தைராக்ஸின் கொடுக்கவில்லை. முதலில் ஹைட்ரோகோர்டிசோன், அதன் பிறகுதான் தைராக்ஸின். தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டி, இருக்கிற கொஞ்ச கோர்டிசோலையும் தீர்த்துவிடும், ஆளே விழுந்துவிடலாம். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோர்டிசோனை எப்படிக் கூட்டுவது என்று எழுதிக் கொடுத்த அட்டையை அவள் பர்ஸிலேயே வைத்திருக்கிறாள்.

போன மாதம் வேறு ஒரு கிளினிக்கில் அவளுடைய டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மருந்து அதிகம், தைராய்டு மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்" என்றாராம் டாக்டர். அக்கா அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். "டாக்டர், எனக்கு டி.எஸ்.எச். பார்த்து அளவு சொல்லக்கூடாது. டி4 எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். டி4 சரியாகவே இருந்தது. மாத்திரை குறையவில்லை. வீட்டில் மின்விசிறி இப்போது மூன்றாம் நம்பரில் ஓடுகிறது.